மழைக்குப் பின் அளக்க வேண்டிய சாலை

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம், சமயம், வரலாறு என்று ஒரு வழக்கம் உண்டு. தார்ச்சாலை அந்த வரிசையில் வராது. ஆனால் பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடையே கிடக்கும் தொப்பம்பட்டி ஒன்றியத்தில் மக்காச்சோளமும் முருங்கையும் சந்தைக்குப் போவது, பிள்ளைகள் பள்ளிக்குப் போவது, தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை நடப்பது எல்லாமே அதன் மேல்தான். அரசு செலவழிக்கும் பணத்தில் மக்கள் கண்ணுக்கு நேராகத் தெரிவதும் அதுவே. 2023 ஜனவரியில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்ட முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் 10,000 கிலோமீட்டரை 4,000 கோடி ரூபாயில் மேம்படுத்த எடுத்துக்கொண்டது. கிலோமீட்டருக்குச் சராசரி 40 லட்சம். இவ்வளவு பணம் போகும் ஒரு பொருளை நாம் எதைக் கொண்டு மதிப்பிடுகிறோம், எப்போது மதிப்பிடுகிறோம் என்பதே இன்று பேச எடுத்துக்கொண்டது.

இப்போது நடப்பது என்ன? தார் போட்ட அன்று சாலை கறுப்பாக, வழவழப்பாக இருக்கிறது, நீளமும் அகலமும் கனமும் அளந்து எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் ஏறுகின்றன, படம் எடுக்கிறார்கள், பட்டியல் பாஸாகிறது. அண்மைக்காலமாக இன்னொரு அளவுகோலும் சேர்ந்திருக்கிறது: சாலையில் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக என்ன கலந்தோம் என்பது. பிளாஸ்டிக் கழிவு, பழைய ரப்பர், உருக்கு ஆலைக் கசடு என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. என் கட்சி இதுதான்: முதல் அளவுகோல் தப்பான நாளில் அளக்கிறது, இரண்டாவது தப்பான பொருளை அளக்கிறது. ஒரு கிராமத் தார்ச்சாலை நன்றாக உழைக்கிறதா என்பதை வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகே அளக்க முடியும். அது பூமிக்குப் பாரமில்லாத சாலையா என்பதை, மறுபடி தார் போடாமல் எத்தனை ஆண்டு ஓட்டினோம் என்பதே சொல்லும். இரண்டு கேள்விக்கும் விடை பெரும்பாலும் கறுப்புப் பரப்புக்கு வெளியே, அதன் அடியிலும் ஓரத்திலும் இருக்கிறது.

சாலையின் உடம்பை முதலில் பார்த்துவிடுவோம். நம் ஊராட்சிச் சாலை பெரும்பாலும் 3.75 மீட்டர் அகலம். மேலே தெரியும் தார்ப் பரப்பின் கனம், வழக்கமான ஊரக வடிவமைப்பில், 20 மில்லிமீட்டர். அதன் மேல் ஒரு மெல்லிய பூச்சு. அடியில் கிராவலும் கப்பியுமாக ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் தார்ப் பரப்பு 75 கன மீட்டர், அதன் அடியில் இருப்பது 1,125 கன மீட்டர். பதினைந்து மடங்கு. வண்டியின் பாரத்தைத் தாங்குவது அந்தப் பதினைந்து பங்கு. மேலே உள்ள 20 மில்லிமீட்டரை வடிவமைப்புக் கணக்கில் பாரம் தாங்கும் அடுக்காகவே சேர்ப்பதில்லை. ஓட்டு வீட்டில் ஓடு செய்கிற வேலைதான் அதன் வேலை: சுமக்காது, நனைய விடாது. ஓடு உடைந்த வீட்டில் புது ஓட்டின் நிறத்தைப் பற்றி வாதாடுகிறவர்களை நாம் என்ன சொல்வோமோ, அதைத்தான் சாலை விஷயத்தில் நம்மையே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது புதிய ஞானம் இல்லை. 1816-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளுக்குப் பொறுப்பேற்ற ஜான் லவுடன் மக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தார் இல்லாமலே சாலை போட்டார். உடைத்த சிறு கல்லை நெருக்கிப் பரப்பினார், பக்கத்து நிலத்தைவிடச் சாலையை உயர்த்தினார், இரு பக்கமும் தண்ணீருக்கு வழி விட்டார். அவருடைய கொள்கை எளிது. பாரத்தைக் கடைசியில் தாங்குவது அடிமண்தான். அது உலர்ந்திருக்கும் வரை எதையும் தாங்கும். ஆகவே சாலை போடுகிறவனின் வேலை அதை உலர்வாக வைப்பது. இருநூறு ஆண்டுகளில் இந்தக் கொள்கையை யாரும் பொய்யாக்கவில்லை. ஆய்வகத்தில் அடிமண்ணின் வலுவை சி.பி.ஆர் என்ற எண்ணால் அளக்கிறார்கள். வடிவமைப்புக்கு எடுப்பது மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து அளந்த எண்ணை. திண்டுக்கல் மாவட்டச் சமவெளியில் செம்மண்ணும் இடையிடையே கரிசலும் உண்டு. செம்மண் கிராவல் ஊறினாலும் ஓரளவு நிற்கும். கரிசல் அப்படியில்லை. காய்ந்தால் கல், ஊறினால் 2, 3 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஒரே ஒப்பந்தம், ஒரே தார், ஒரே ரோலர். ஆனால் சாலை கரிசல் துண்டைக் கடக்கும் இடத்தில் மட்டும் அமுங்கியிருக்கிறது என்றால், குற்றம் தாரில் இருக்க வாய்ப்புக் குறைவு.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் கைக்கு எட்டும் காரியங்கள் அதிகம். நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்க வேண்டும் சாலை. மழை குறைந்த பகுதிகளில் இப்படிப்பட்ட மெல்லிய தார்ப் பரப்புக்கு 3 விழுக்காடு சரிவு என்பது விதி. 3.75 மீட்டர் சாலையில் அது நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே ஐந்தரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. இந்த ஐந்தரை சென்டிமீட்டர்தான் சாலையின் ஆயுள். ஒவ்வொரு முறை மேலே தார் போடும்போதும் பள்ளத்தை நிரப்பி மேட்டை மூடி, இந்தச் சரிவு கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகிவிடுகிறது. அடுத்தது பெர்ம், அதாவது தாருக்கு இரு பக்கமும் உள்ள மண் ஓரம். எதிரே பஸ் வந்தால் இன்னொரு வண்டி பெர்மில் இறங்கித்தான் ஆக வேண்டும். மண் அரைபட்டுத் தாழ்ந்து, தாரின் விளிம்பு அந்தரத்தில் நின்று, பிறகு உடைகிறது. யாரும் இறங்காத இடத்தில் அதற்கு நேர்மாறு: புல் முளைத்து, மண் சேர்ந்து, பெர்ம் சாலையைவிட உயரமாகித் தண்ணீரைச் சாலையிலேயே தேக்குகிறது. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய குறுக்குப் பள்ளம் மண்ணால் மூடப்பட்டு அப்படியே விடப்படுகிறது. ஆயக்கட்டுப் பகுதியில் சேறடித்த டிராக்டர் கேஜ் வீலோடு தார்ச்சாலையைக் கடக்கிறது. திருவிழாப் பந்தலுக்குக் கால் நட சாலையில் கடப்பாரை இறங்குகிறது (இதைச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் குழி குழிதான்). இத்தனை வாசலையும் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வந்த தண்ணீருக்குத் தாரின் தரத்தைக் குறை சொல்கிறோம்.

தாருக்கும் அதன் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. வெயிலும் காற்றும் பட்டுத் தார் ஆண்டுக்கு ஆண்டு இறுகி நொறுங்கும் தன்மை அடைகிறது. ஜல்லியைப் பிடித்த பிடி தளர்கிறது. நம் வெப்பநிலைக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்வது வி.ஜி.30 வகைத் தார். அதன் இளகுநிலை குறைந்தது 47 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கறுப்புப் பரப்பின் சூடு 60 டிகிரியைத் தொடும். வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்கு இது தெரியும். விதிப்படி இந்தத் தார்க் கலவை 140 டிகிரிக்குக் குறையாமல் விரிக்கப்பட வேண்டும், 90 டிகிரிக்குக் கீழே போகும் முன் ரோலர் தன் வேலையை முடிக்க வேண்டும். கலவை ஆலையிலிருந்து தார்ப்பாய் மூடாமல் நெடுந்தூரம் வந்த லோடு அந்தச் சூட்டோடு வராது. ஆறிப்போன கலவை அமுங்காது, அமுங்காத கலவையில் துவாரம் இருக்கும், துவாரம் வழியே தண்ணீர் போகும். எந்தப் பக்கம் போனாலும் தண்ணீருக்கே வந்து சேர்கிறோம்.

சரி, அளப்பது எப்படி? சாலையின் தரத்தை எண்ணாக்கும் முயற்சியில் பெரிய திருப்பம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கருகே 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ சோதனை. சோதனைச் சாலைகள் போட்டு, தெரிந்த எடையோடு லாரிகளை மாதக்கணக்கில் ஓட்டினார்கள். பொறியாளர்களின் அளவீட்டோடு நிற்காமல், சாலையில் பயணம் செய்கிறவர்களைக் கொண்டு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லி, அந்த மதிப்பெண் எதனோடு ஒத்துப்போகிறது என்று தேடினார்கள். விரிசலையும் ஒட்டுப்போட்ட இடத்தையும்விட, மேடுபள்ளமே மதிப்பெண்ணை நிர்ணயித்தது. 1982-இல் பிரேசிலில் உலக வங்கி ஆதரவில் நடந்த ஆய்விலிருந்து சர்வதேச மேடுபள்ளக் குறியீடு உருவானது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் இதன் எளிய வடிவம் இருக்கிறது: வண்டி இயல்பாக மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போக முடிந்தால் 5 மதிப்பெண், 10-க்கும் கீழே இறங்கினால் 1. கருவி வேண்டாம், ஸ்பீடோமீட்டர் போதும். எனக்கு இந்த எளிமை பிடித்திருக்கிறது. ஆனால் இது மேல்தோலை மட்டும் சொல்லும். அடியில் வலு இருக்கிறதா என்று பார்க்க 1950-களில் பெங்கல்மன் என்பவர் கண்டுபிடித்த நீண்ட கம்பிக் கருவி ஒன்று இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரியின் பின்சக்கர இரட்டை டயர்களுக்கு நடுவே அதன் முனையை வைத்து, லாரி நகர்ந்ததும் சாலை எத்தனை மில்லிமீட்டர் மேலே எழும்புகிறது என்று அளப்பார்கள். எழும்புவது அதிகமானால் அடி பலவீனம்.

இந்தக் கருவிக்கான இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டி, ஐ.ஆர்.சி. 81, எப்போது அளக்க வேண்டும் என்பதையும் சொல்கிறது: அடிமண் மிகப் பலவீனமாக இருக்கும் காலத்தில், அதாவது பருவமழை ஓய்ந்த கையோடு. வேறு காலத்தில் அளந்தால் அந்த எண்ணைத் திருத்தித்தான் பயன்படுத்த வேண்டும். என் வாதத்தின் முதல் பாதியை நம் விதிநூலே ஒப்புக்கொண்டிருக்கிறது. நாம்தான் அதை நெடுஞ்சாலைகளோடு நிறுத்திவிட்டோம். நம் பகுதிக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நிதியாண்டு முடிகிற நெருக்கடியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போட்ட சாலை கோடை முழுவதும் காய்ந்த அடிமண்ணின் மேல் நிற்கும். அப்போது எந்தச் சாலையும் நல்ல சாலை. தை பிறந்த பிறகு அதே சாலையில் நடந்து பார்த்து, விளிம்பு எவ்வளவு உடைந்திருக்கிறது, தண்ணீர் எங்கே தேங்கிய அடையாளம் இருக்கிறது, சக்கரத் தடத்தில் மூன்று மீட்டர் நேர்கட்டை வைத்தால் அடியில் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி தெரிகிறது என்று குறித்தால், பட்டியல் பாஸான அன்று எழுதிய எல்லா அளவையும்விட அது உண்மையைச் சொல்லும். இந்த வேலைக்கு ஒரு பாலிடெக்னிக் மாணவரும் ஒரு டேப்பும் போதும்.

இனி இரண்டாவது அளவுகோல். பிளாஸ்டிக் சாலையைப் பற்றி இந்த வட்டாரத்தில் பேசும்போது மரியாதையோடுதான் பேச வேண்டும், ஏனென்றால் அது மதுரை தந்த கொடை. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட முறை அது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தாரில் கரைக்க முயலாமல், ஏறத்தாழ 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மேல் தூவுகிறார். பிளாஸ்டிக் உருகி ஜல்லிக்கு ஒரு போர்வையாகிறது; அதன் மேல் தார். அந்தப் போர்வை தண்ணீரை உறிஞ்ச விடுவதில்லை, தாரின் பிடியையும் கூட்டுகிறது. பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் போன்றவை மட்டுமே இதற்கு ஆகும். சூட்டில் நச்சு வாயு விடும் பி.வி.சி. ஆகாது. 2013-இல் இந்தியச் சாலைப் பேராயம் இதற்கெனத் தனி வழிகாட்டி வெளியிட்டது. தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு என்று அளவும் சொன்னது. கவனியுங்கள், இந்தக் கண்டுபிடிப்பின் உண்மையான சாதனையும் தண்ணீரைத் தடுத்ததுதான்.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008-09 காலத்தில் வெளியிட்ட அறிக்கை, 2002-இல் போட்ட சென்னை ஜம்புலிங்கம் தெரு, 2004-இல் போட்ட மதுரை வண்டியூர்ச் சாலை முதலிய பிளாஸ்டிக் சாலைகளை ஒரு சாதாரணத் தார்ச்சாலையோடு ஒப்பிட்டது. மேடுபள்ளம், வழுக்காத் தன்மை, பரப்பின் சொரசொரப்பு, அடர்த்தி, பெங்கல்மன் கருவியின் எழும்பல் என்று முறையாக அளந்தார்கள். பிளாஸ்டிக் சாலைகளில் குழியோ விளிம்பு உடைவோ இல்லை என்று முடிவு வந்தது. நம் மாநிலத்தில் சாலைகளைப் போட்ட பிறகு இத்தனை ஆண்டு கழித்து ஒருவர் திரும்பிப்போய் அளந்த நிகழ்ச்சி என்பதாலேயே இந்த அறிக்கை மதிப்புள்ளது. ஆனால் அந்த அறிக்கை எவ்வளவு வாதச் சுமையைத் தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். சில சாலைகள், ஒப்பிட ஒரே ஒரு சாதாரணச் சாலை, பெரும்பாலும் நகரத் தெருக்கள், அவற்றின் அடித்தளம் நம் ஊர் வாய்க்கால் கரைச் சாலையின் அடித்தளம் இல்லை. ஒவ்வொரு சாலைக்கும் அடிமண்ணும் போக்குவரத்தும் வேறு. அப்படியிருக்க, கிடைத்த வேறுபாட்டில் எவ்வளவு பிளாஸ்டிக்கால், எவ்வளவு மற்றதால் என்று பிரிக்க அந்த ஒப்பீடு போதாது. நன்றாக இருந்தன என்று சொல்லலாம், பிளாஸ்டிக் கலந்தால் எந்தச் சாலையும் நன்றாக இருக்கும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 மில்லிமீட்டர் பரப்புக்கு 10 சதுர மீட்டருக்கு 14.6 கிலோ தார், மேல்பூச்சுக்கு 6.8 கிலோ என்பது ஊரகச் சாலைகளுக்கு வழக்கத்தில் உள்ள அளவு. 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு அது ஏறத்தாழ 8 டன் ஆகிறது. கூடவே 100 கன மீட்டரை ஒட்டி ஜல்லி. 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் 40 ஆண்டில் எட்டு முறை, 64 டன் தார். இதில் 8 விழுக்காட்டைப் பிளாஸ்டிக் ஈடுசெய்தால் மிச்சம் 5 டன்னைச் சற்றுத் தாண்டும். பிளாஸ்டிக்கே இல்லாமல், பெர்மையும் சாலையோர வாய்க்காலையும் சரிவையும் பேணி அந்தச் சாலையை 8 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தால்? 40 ஆண்டில் ஐந்து முறை, 40 டன். மிச்சம் 24 டன் தார், 300 கன மீட்டர் ஜல்லி, அவற்றைச் சூடாக்கிய எண்ணெய், சுமந்த லாரிகளின் டீசல். ஐந்து ஆண்டு, எட்டு ஆண்டு என்பவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆறும் ஏழும் என்று வைத்தாலும் நீட்டித்த ஆயுள் தரும் மிச்சமே கலவை மாற்றத்தின் மிச்சத்தைவிடப் பெரிதாக வரும். இதுவும் மேற்பரப்பு மட்டும். ஓடு ஒழுகி அடியில் இருக்கும் 1,125 கன மீட்டர் கெட்டுப்போனால் அதை மீண்டும் போடும் செலவுக்கு முன் இந்தக் கணக்கெல்லாம் சில்லறை.

பிளாஸ்டிக் சாலையின் ஆதரவாளர் இங்கே ஒரு நியாயமான மறுப்பு சொல்வார்: அதன் நோக்கம் தாரை மிச்சப்படுத்துவது மட்டுமா, குப்பையில் எரியும் பிளாஸ்டிக்குக்கு ஒரு போக்கிடம் தருவதும் இல்லையா? உண்மை. குப்பைமேட்டில் எரிவதைவிட ஜல்லியின் மேல் ஒட்டியிருப்பது மேல். ஆனால் ஒரு கிலோமீட்டர் சாலை ஒருமுறைக்கு ஏற்பது, மேற்சொன்ன அளவில், அரை டன்னுக்குச் சற்று மேல். அதுவும் சுத்தமான, பிரித்தெடுத்த பிளாஸ்டிக். அது கழிவு மேலாண்மைக்கு ஒரு சிறு கை, அவ்வளவுதான். அந்தச் சாலை உடைந்து ஜல்லி பெயர்ந்தால், போர்வையோடு சேர்ந்து பிளாஸ்டிக்கும் வாய்க்காலுக்கும் வயலுக்கும் போகும். ஆகவே பிளாஸ்டிக் கலந்த சாலைக்குப் பராமரிப்பு மற்றச் சாலையைவிட அதிகமாகவே தேவை. கலப்பதை நான் எதிர்க்கவில்லை. கலந்துவிட்டோம் என்பதாலேயே அதற்குப் பசுமைச் சாலை என்று பெயர் வைத்துவிட்டு, ஓரத்தில் மண்வெட்டி போடாமல் விடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

இன்னொரு மறுப்பு லாரிகளைப் பற்றியது. ஓவர்லோடு டிப்பர்கள்தான் சாலையை உடைக்கின்றன, தண்ணீரை ஏன் குறை சொல்கிறீர்கள் என்பார்கள். ஆஷோ சோதனை தந்த நான்காம் மடி விதி இவர்கள் பக்கம் பலமாக நிற்கிறது. அச்சின் பாரம் இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு. 8 டன் அச்சு ஒருமுறை போவது அரை டன் அச்சு 65,536 முறை போவதற்குச் சமம். கார்களும் இருசக்கர வண்டிகளும் சாலைக்கு ஒரு பொருட்டே இல்லை. 2018 ஜூலையில் மத்திய அரசு நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான சட்டப்படியான உச்சத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. கேட்டால் எட்டில் ஒரு பங்குதான் கூடுதல். நான்காம் மடியில் பெருக்கினால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சேதம் 60 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. இது அனுமதிக்கப்பட்ட பாரம். அனுமதிக்கு மேல் ஏற்றுவது தனி. கிரஷர்களிலிருந்து வரும் பாதைகளில் இந்த வாதத்துக்கு மறுபேச்சு இல்லை, அங்கே சாலையின் வடிவமைப்பே மாற வேண்டும். ஆனால் நாளுக்கு இரண்டு பஸ்ஸும் சில டிராக்டர்களும் மட்டும் போகும் ஊர்ச்சாலைகளும் உடைகின்றனவே, அது எதனால்? அவற்றில் உடைவு ஓரத்தில் தொடங்குகிறது, தாழ்ந்த இடத்தில் தொடங்குகிறது, குழாய்ப் பள்ளத்தில் தொடங்குகிறது. ஆஷோ சோதனையிலும் பனி உருகி மண் ஊறிய வசந்த காலத்திலேயே சாலைகள் வேகமாகக் கெட்டன. பாரம் சுத்தியல் என்றால், அது எந்த மாதத்தில் இறங்குகிறது என்பதும் முக்கியம்.

அப்படியானால் காங்கிரீட் போட்டுவிடலாமே என்பது அடுத்த கேள்வி. கிராமசபைகளில் அடிக்கடி எழுகிறது. குடியிருப்புக்குள், வீட்டுத் தண்ணீர் தெருவில் ஓடும் இடங்களில், காங்கிரீட்டோ பேவர் பிளாக்கோதான் சரி. தார் அங்கே நிற்காது. அதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஊருக்கும் ஊருக்கும் இடையே போகும் கிலோமீட்டர்களில் அது அவ்வளவு எளிதான விடை இல்லை. 150 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 560 கன மீட்டருக்கு மேல் காங்கிரீட் வேண்டும். சிமென்ட் மட்டும் 200 டன்னை ஒட்டி வரும். நம் மாவட்டத்திலேயே கரிக்காலியில் சிமென்ட் ஆலை இருப்பதால் கைக்கு எட்டுவதாகத் தோன்றலாம். ஆனால் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது வெளியேறும் கரியமில வாயு ஆலை பக்கத்தில் இருப்பதால் குறைவதில்லை. மேலும், அடிமண் ஊறினால் காங்கிரீட் பலகையின் ஓரமும் அந்தரத்தில் நின்று விரிசல் விடும். தார்ச் சாலையின் வாய்க்காலைக் கவனிக்காத ஊராட்சி காங்கிரீட் சாலையின் வாய்க்காலையும் கவனிக்கப்போவதில்லை.

கடைசியில் எல்லாரும் மனத்தில் வைத்திருந்து மேடையில் சொல்லத் தயங்கும் மறுப்பு: இதெல்லாம் பொறியியல் பிரச்சினையே இல்லை, ஒப்பந்தத்தில் பணம் போவதுதான் பிரச்சினை. இருக்கலாம். ஆனால் தார் போட்ட அன்று பணம் தரும் முறைக்குத் தார் போட்ட அன்று நன்றாகத் தெரியும் சாலைதான் கிடைக்கும். நேர்மையானவரையும் அது அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டவரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. நம் பக்கத்துப் பொள்ளாச்சியில் தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறை இன்னும் ஒரு படி போனது. 2010-களின் முற்பகுதியில் அந்தக் கோட்டத்தின் சாலைகளை, ஐந்தாண்டுக்கு நிர்ணயித்த தரத்தில் வைத்திருந்தால்தான் பணம் என்ற செயல்திறன் அடிப்படையிலான ஒப்பந்தத்தில் விட்டது. பிறகு வேறு கோட்டங்களுக்கும் அது போனது. இந்த முறையில் ஒப்பந்ததாரருக்கே வாய்க்கால் தூர்வாருவது லாபமாகிறது, ஏனென்றால் அது தார் போடுவதைவிட மலிவு. இதில் ஒரு குறையும் உண்டு: பெரிய நிறுவனங்கள்தான் இதைத் தாங்கும், மூன்று கிலோமீட்டர் ஊராட்சிச் சாலைக்கு யாரும் ஐந்தாண்டு ரோலரோடு காத்திருக்க மாட்டார்கள். அங்கே வேண்டியது ஒப்பந்தம்கூட இல்லை, ஆள். 1997-இல் தமிழ்நாட்டு அரசு ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்களை நெடுஞ்சாலைத் துறையில் நியமித்தது. 2002-இல் அவர்கள் மொத்தமாக நீக்கப்பட்டு, 2006-இல் திரும்ப எடுக்கப்பட்டார்கள்; இடைப்பட்ட 41 மாதத்தைப் பணிக்காலமாக்கக் கோரிய போராட்டங்கள் செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் தெரியும். பெர்ம் வெட்டுவது, புல் செதுக்குவது, வாய்க்கால் அடைப்பை எடுப்பது, சிறு குழியைச் சிறிதாக இருக்கும்போதே மூடுவது அவர்கள் வேலை. அந்த வேலையை மிச்சம் பிடிக்கக்கூடிய செலவாகப் பார்த்ததுதான் நம் சாலைக் கொள்கையின் பெரிய தவறு என்பது என் கருத்து. ஊராட்சி ஒன்றியச் சாலைகளுக்கு அப்படி ஒரு நிரந்தர ஆளே கிடையாது.

புதுப்பிக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். மேலே மேலே தார் போட்டு வீட்டு வாசலைவிடத் தெரு உயர்ந்துபோவதைத் தடுக்க, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய பரப்புப் போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு துறைகளுக்கு அறிவுறுத்தினார். நகரத்துப் பேச்சு என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. சுரண்டினால் அந்த ஐந்தரை சென்டிமீட்டர் சரிவைத் திரும்பப் பெற வாய்ப்புக் கிடைக்கிறது. சுரண்டிய தாரும் ஜல்லியும் மறுபடி பயன்படும் பொருள், அதற்கு 2015-இலேயே ஐ.ஆர்.சி. 120 என்ற வழிமுறை வந்துவிட்டது. சுரண்டும் இயந்திரத்தைச் சிறு வேலைக்குக் கொண்டுவருவது கட்டுப்படியாகாது என்பார்கள். தனித்தனி எஸ்டிமேட்டாகப் போட்டால் ஆகாதுதான். ஒன்றியத்தின் ஓராண்டுப் புதுப்பிப்பு வேலைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே காலத்தில் எடுத்தால் கணக்கு மாறும்.

இந்தத் திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஒன்றியங்களில் தொப்பம்பட்டி ஒன்றில் மட்டும், மழைக்குப் பின் அளந்து எழுதிவைக்கும் முறையைத் தொடங்கிப் பார்க்கலாம். சாலையின் தொடக்கத்தில் வைக்கும் பலகையில் இப்போது திட்டத்தின் பெயர், நீளம், மதிப்பீடு, ஒப்பந்ததாரர் பெயர் இருக்கின்றன. அதில் மூன்று கட்டம் சேர்க்க வேண்டும்: கடைசியாகத் தார் போட்ட ஆண்டு, ஒவ்வொரு தை மாதமும் வண்டி போன வேகத்தை வைத்துப் போட்ட மதிப்பெண், அந்த ஆண்டு பெர்மும் வாய்க்காலும் எந்தத் தேதியில் வெட்டப்பட்டன. மூன்றாவது கட்டம் காலியாக இருந்து, இரண்டாவதில் 5 என்பது 3 ஆகியிருந்தால், ஜனவரி 26 கிராமசபையில் கேட்க வேண்டிய கேள்விக்குப் பொறியாளர் பட்டம் தேவைப்படாது. எல்லாச் சாலைக்கும் ஐந்தாண்டு இப்படி எழுதி வைத்தால், பிளாஸ்டிக் கலந்தவை எவ்வளவு உழைத்தன, கரிசலில் போனவை எங்கே அமுங்கின, எந்தச் சாலைக்கு உண்மையிலேயே காங்கிரீட் வேண்டும் என்பதற்கெல்லாம் நம்மிடமே ஆதாரம் இருக்கும். பலகைக்கு வண்ணம் பூசும் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்பார்கள். பராமரிப்புத் தலைப்பில் எழுதலாம்.